அடித்தண்ணீர் செத்த ஏரி

என் வீட்டுக்காரர் ஏரியில் விஷம் வைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரத்தில் சில தெருக்களில் இன்னும் அவரை "மீனுக்கு விஷம் வெச்சவன்" என்றுதான் சொல்கிறார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது பொய் என்று தெரியும். தெரிந்துதான் சொல்கிறார்கள்.

அறுபதுகளின் கடைசியில் நடந்தது இது. எங்களுடையது சாயப் பட்டறை வீடு. அப்பா போன பிறகு அண்ணன்தான் பட்டறையை நடத்தினான். கச்சாப் பட்டுக்கு மேல் ஒரு பசை இருக்கும். சவுக்காரமும் சோடா உப்பும் போட்டுக் கொப்பரையில் கொதிக்கவைத்தால் அந்தப் பசை கரைந்து பட்டு மெத்தென்று ஆகும். பிறகுதான் சாயம். பத்து வயதிலிருந்து நானும் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றவள்தான். கையில் கொப்புளம் இல்லாத நாள் கிடையாது.

ஒரே தண்ணீரில் எத்தனை முறை பட்டு வேகவைக்கலாம் என்பதைக் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு வழி இருந்தது. சொம்பில் அந்தத் தண்ணீரை மொண்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கி, மெதுவாகக் கீழே ஊற்றிப் பார்ப்போம். தெறித்து விழுந்தால் இன்னொரு முறை போடலாம். விளக்கெண்ணெய் மாதிரி அறுபடாமல் இறங்கினால் அந்தத் தண்ணீர் முடிந்தது, வெளியே விட்டுவிட வேண்டும். பட்டறையில் வேலை செய்த எல்லாருக்கும் இந்தப் பழக்கம் கையிலேயே ஊறியிருக்கும். குடிக்கிற தண்ணீரைக்கூட உயரத் தூக்கித்தான் ஊற்றுவோம்.

வெளியே விடுவது என்றால் ஏரிக்கு விடுவது. எங்கள் தெருக்களுக்குப் பின்னால் ஒரு ஏரி இருந்தது. தாமல் ஏரி, தென்னேரி மாதிரிப் பெரியது இல்லை. பட்டறைக்குப் பின்னாலிருந்து ஒரு கால்வாய் அதில் போய் விழும். யாரும் தவறாக நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை.

என் வீட்டுக்காரர் கடலோர ஊர்க்காரர். பாலாறு கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்துக் குப்பம். கருவாட்டு மூட்டையோடு சந்தைக்கு வருவார். எப்படிப் பழகினோம் என்பது இங்கே வேண்டாம். வீட்டில் எல்லாரும் எதிர்த்தார்கள், அண்ணன் ஒருவன் தவிர. அவன் கட்சிக்காரன், மேடையில் பேசுகிறவன். ஐயர் இல்லாமல், மாலை மாற்றி, மைக் வைத்து அவனே முன்னால் நின்று எங்கள் கல்யாணத்தை நடத்தினான். "என் தங்கச்சிய நான் சாதிக்குக் குடுக்கல, ஒரு மனுசனுக்குக் குடுக்கறேன்" என்றான். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. நான் அழுதேன். அன்றைக்கு அவனை நம்பியதைப் போல நான் சாமியைக்கூட நம்பியதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் காஞ்சிபுரத்திலேயே தங்கி ஏரி மீனைக் குத்தகைக்கு எடுத்தார். அதற்கும் அண்ணன்தான் தெருப் பெரியதனக்காரரிடம் பேசினான். பெரியதனக்காரர் என்றால் எங்கள் தெருக்களின் வழக்கு வம்பையெல்லாம் தீர்த்துவைக்கிறவர். பட்டுக்கடையும் வைத்திருந்தார். அவர் சம்மதித்தார். என் வீட்டுக்காரர் தன் ஊரிலிருந்து சின்னக் கட்டுமரம் ஒன்றை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். தெருவே வாசலுக்கு வந்து சிரித்தது.

"இன்னா மாப்ள, ஏரியில அலை ஜாஸ்தியா?"

"அலை இல்லபா. உங்க ஊரு வாய்தான் ஜாஸ்தி" என்றார் அவர்.

இரண்டு வருஷம் நன்றாகப் போயிற்று. மூன்றாவது வருஷம் மழை இல்லை. ஏரி பாதியாகச் சுருங்கியது. அதே வருஷம் அண்ணனுக்கு வேலை கூடியது. புதிதாக இரண்டு கொப்பரை வைத்தான். கால்வாயில் நாள் முழுக்க நுரை போய்க்கொண்டே இருந்தது. ஏரிக்கரைத் தெருவில் தறி போட்டிருந்தவர்கள் ஜரிகை மங்குகிறது என்று புலம்ப ஆரம்பித்தார்கள். ஜரிகை விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டினார்கள்.

ஒரு நாள் அவர் கட்டுமரத்திலிருந்து மூங்கிலை அடி வரைக்கும் குத்தி எடுத்துக் கரைக்குக் கொண்டுவந்தார். நுனியில் ஒட்டியிருந்த சேறு தார் மாதிரிக் கறுப்பு. அழுகின முட்டை நாற்றம்.

"மோந்து பாரு மே" என்றார். பெண்டாட்டியை அவர் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"சீ, எடுங்க அப்பால."

"அடித்தண்ணி செத்துக்கினு வருது" என்றார்.

தண்ணீர் எப்படிச் சாகும் என்று கேட்டேன். அவர் ஊரில் ஆற்று முகத்துவாரத்தைச் சில வருஷம் மணல் அடைத்துவிடுமாம். கடல் தண்ணீர் உள்ளே வராது, உள்தண்ணீர் வெளியே போகாது. மேலே பார்த்தால் பளபளவென்று நன்றாகத்தான் இருக்கும். அடியில் இருக்கிற தண்ணீருக்கு மூச்சு இருக்காது. செத்த பாசி, இலை தழை எல்லாம் அடியில் அழுகி, இருக்கிற காற்றையெல்லாம் தின்றுவிடும். முதலில் சேற்றுக்குள் இருக்கும் மட்டிச் சிப்பி வாய் பிளந்து சாகும். பிறகு நண்டுகள் வலைக் கயிற்றைப் பிடித்து மேலே ஏறும். நண்டு ஏறினால் குப்பமே மண்வெட்டியோடு போய் முகத்துவாரத்தை வெட்டிவிடுமாம்.

"இங்க எந்தக் கடல வெட்றது? உங்க அண்ணன் தண்ணிதான் இத சாவடிக்குது. அந்தப் பசை அடியில போய் அழுவுது."

அன்றைக்கே அண்ணனிடம் போய்ச் சொன்னார். பட்டறைக்குப் பின்னால் ஒரு குழி வெட்டி அதில் தண்ணீரை விடு, ஏரிக்கு வேண்டாம் என்றார். அண்ணன் அவர் தோளில் கை போட்டான். "ஆவட்டும் மாப்ள. இந்தச் சீசன் போவட்டும், நானே வெட்டறேன்." வெட்டவில்லை. ஒவ்வொரு முறை கேட்டபோதும் தோளில் கை போட்டான், அவ்வளவுதான்.

ஐப்பசியில் மூன்று நாள் வெயிலே இல்லாமல் வானம் மூடிக்கொண்டு நின்றது. மழையும் பெய்யவில்லை. நாலாம் நாள் விடிந்தபோது ஏரி முழுக்க மீன் வாய்கள். கெண்டை, கெளுத்தி எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சூரியன் ஏறுவதற்குள் வயிறு மேலாக மிதந்தன. கரை ஓரம் வெள்ளையாக இருந்தது. அந்த நாற்றத்தை இப்போது எழுதும்போதும் மூக்கில் உணர்கிறேன்.

அவருடைய குத்தகை முடிய ஒரு மாதம்தான் இருந்தது. அதுதான் எல்லாருக்கும் வசதியாகப் போயிற்று. குத்தகை முடிவதற்குள் மீனையெல்லாம் ஒரேயடியாக வாரிக்கொள்ள விஷம் வைத்தான் என்று யாரோ சொன்னார்கள். மத்தியானத்துக்குள் அது உண்மையாகிவிட்டது. கரையில் கூட்டம். பெரியதனக்காரர் குடையோடு வந்து நின்றார்.

"போலீசுக்கு எழுதிக் குடுக்கறேன். ஊரு மாடு குடிக்கிற தண்ணி இது" என்றார்.

என் வீட்டுக்காரர் குனிந்து தண்ணீருக்குள் கையைவிட்டு ஒரு விராலைப் பிடித்துத் தூக்கினார். அது துள்ளிக்கொண்டு இருந்தது.

"விஷம்னா இதுவும் செத்திருக்கும் இல்ல? இது மேல வந்து வெளிக் காத்த குடிக்கிற மீனு. அதனால பொழச்சிது. மூணு நாளா வெயில் இல்லாம தண்ணியில இருந்த காத்து தீந்துபோச்சி, மத்தது மூச்சு முட்டி செத்துது."

"விரால் வெல ஜாஸ்தி. அத விட்டு வெச்சிருப்பான்" என்றது ஒரு குரல்.

"விஷத்துகிட்ட சொல்லி அனுப்பிச்சாரா, விரால மட்டும் தொடாதன்னு?" என்று நான் கத்தினேன்.

சிலர் சிரித்தார்கள். ஆனால் யாரும் நம்பவில்லை. சிரிக்கிறவர்கள் நம்புவார்கள் என்று அப்போது நினைத்தேன். அது என் முட்டாள்தனம்.

கூட்டத்தில் கல்லூரி வாத்தியார் ஒருவர் இருந்தார். விலங்கியல் பாடம் எடுக்கிறவர். இவர் சொல்வது சரியாக இருக்கலாம், சோதித்துப் பார்க்க முடியும் என்றார். அடித்தண்ணீரைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்துவந்தால் இரண்டு மருந்து ஊற்றுவாராம். தண்ணீரில் காற்று கரைந்திருந்தால் பழுப்பாகப் படியும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். புட்டியை மூடியபடியே கல் கட்டி அடிக்கு இறக்க வேண்டும், அங்கே போனபிறகுதான் மூடியில் கட்டிய கயிற்றை இழுத்துத் திறக்க வேண்டும். வெளிக்காற்று பட்டால் சோதனை கெட்டுவிடும் என்று இரண்டு தரம் சொன்னார்.

யார் எடுப்பது என்று பேச்சு வந்தது. என் வீட்டுக்காரர் எடுக்கக் கூடாது என்றார் பெரியதனக்காரர். அப்போது அண்ணன் முன்னால் வந்தான். "நான் எடுக்கறேன். என் தங்கச்சி புருசன் அவரு. எனக்கு இல்லாத அக்கறை யாருக்கு?" என்றான். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அன்று சாயங்காலம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தான். காப்பி குடித்தான். "அந்த வாத்தியார் சொன்னது சரியா விளங்கலமா. காத்து பட்டா இன்னா ஆவும்?" என்று கேட்டான்.

நான் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து, பெருமையாக, விளக்கமாகச் சொன்னேன். புட்டியை எப்படி இறக்க வேண்டும், எதைச் செய்யக் கூடாது, எதைச் செய்தால் பழுப்பாகும் எல்லாவற்றையும் சொன்னேன். "நம்ம சொம்புல ஊத்திப் பாக்கறோமே, அந்த மாதிரி மட்டும் ஊத்திடாதண்ணா" என்றுகூடச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவனும் சிரித்தான்.

மறுநாள் தலையாரி கட்டுமரத்தைத் தள்ள, அண்ணன் நடு ஏரிக்குப் போனான். நாங்கள் கரையில் நின்றோம். புட்டி இறங்கவில்லை. ஒரு குடம் இறங்கியது. குடம் மேலே வந்தது. பிறகு அவன் கையில் சொம்பு. கை தலைக்கு மேல் போனது. வெயிலில் தண்ணீர் கம்பி மாதிரிப் புட்டிக்குள் இறங்குவதை நான் கரையிலிருந்து பார்த்தேன்.

தொண்டை கிழியக் கத்தினேன். அண்ணன் கரைக்கு வந்ததும் தலையில் அடித்துக்கொண்டான். "புட்டி மூடி தொறக்கலமா. அதான் குடத்துல எடுத்தேன். ஊத்தறப்ப பழக்க தோசம், கை தானா போய்டுச்சி."

"சரி, இன்னொரு தடவ எடு."

"ஒருக்கா எடுத்தது எடுத்ததுதான்மா. உனக்குப் புடிக்கிற வரைக்கும் எடுத்துக்கினே இருந்தா ஊரு நம்புமா?"

பெரியதனக்காரர் தலையாட்டினார்.

வாத்தியார் மருந்தை ஊற்றினார். புட்டிக்குள் பழுப்பு, காப்பித் தூள் கரைந்த மாதிரி மெதுவாக இறங்கியது. எல்லாரும் புட்டியைப் பார்த்தார்கள். அண்ணன் மட்டும் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில்தான் எனக்குப் புரிந்தது. கை தானாகப் போகவில்லை. எப்படிக் கெடுப்பது என்று நானே அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

வாத்தியாரிடம் நடந்ததைச் சொன்னேன். "இருக்கலாம்மா. ஆனா எங்கிட்ட வந்த தண்ணியில ஆக்சிஜன் இருக்கு. அதத்தான் நான் சொல்ல முடியும்" என்றார். "அப்ப நீங்களே வந்து எடுங்க சார்" என்றேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வகுப்பு இருக்கிறதாம்.

வீட்டுக்கு வந்து என் கல்யாணப் புடவையை எடுத்தேன். அண்ணன் எடுத்துக்கொடுத்த பட்டு. முந்தானையில் ஒரு சாண் அளவுக்குக் கத்தரிக்கோலால் வெட்டினேன். வீட்டுக்காரர் தடுக்க வந்தார், தள்ளிவிட்டேன். ஏரியின் நடுவிலிருந்து அந்தக் கறுப்புச் சேற்றை ஒரு சட்டி நிறைய அவரையே எடுத்துவரச் சொல்லி, துண்டைச் சேற்றின் மேல் போட்டு மூடிவைத்தேன். ஜரிகை என்பது வெள்ளி. வெள்ளிக் கம்பிக்கு மேல் தங்கம் பூசியது. அழுகின முட்டை நாற்றம் வெள்ளியை என்ன செய்யும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். சாப்பிட்ட கையோடு முட்டைத் தட்டில் வெள்ளிக் கரண்டியைப் போட்டுவைத்துத் திட்டு வாங்காத பெண் யார்?

காலையில் திறந்தேன். ஜரிகை அடுப்புக் கரி மாதிரிக் கறுத்திருந்தது. சட்டியோடு அதைக் கொண்டுபோய்க் கோயில் மண்டபத்தில் வழக்குப் பேசக் கூடியிருந்த கூட்டத்துக்கு நடுவில் வைத்தேன்.

"விஷம் வெச்சது சேறு. இந்தச் சேத்துக்கு விஷம் குடுத்தது எங்க பட்டறைத் தண்ணி. உங்க தறியில ஜரிகை மங்குதே, இன்னும் ஜரிகைக்காரனத்தான் திட்டப் போறீங்களா?"

ஒரு நெசவுக்காரர் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார், மோந்தார், பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அது கைமாறிக்கொண்டே போனது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பெரியதனக்காரர் துண்டை வாங்கி மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். எல்லாரையும் போகச் சொன்னார். அண்ணனையும் எங்கள் இரண்டு பேரையும் மட்டும் நிறுத்திவைத்தார்.

"நீ சொல்றது சரியாத்தான் இருக்குதுமா" என்றார். மெதுவாக, அன்பாகத்தான் பேசினார். "ஆனா காஞ்சிபுரத்துல ஜரிகை கறுக்குதுன்னு வெளிய தெரிஞ்சா மெட்ராஸ்காரன் ஒருத்தன் இங்க கால் வெப்பானா? தறி அத்தனையும் நிக்கும். போலீசுக்கு நான் எழுதல. மாப்ள குத்தகைய விட்டுட்டு ஊருக்குப் போவட்டும். நீயும் இத இதோட விட்டுடு."

"அப்ப இவரு விஷம் வெக்கலன்னு ஊரக் கூட்டிச் சொல்லுங்க."

"அது எப்பிடிமா? அப்ப மீனு எதனால செத்துதுன்னு கேப்பானே."

ஊருக்கு ஒரு குற்றவாளி வேண்டும். ஏரியாக இருக்கக் கூடாது, பட்டறையாக இருக்கக் கூடாது, பட்டாக இருக்கக் கூடாது. வெளியூர்க்காரன் ஒருத்தன் கிடைத்தான். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சாதிக்குக் கொடுக்கவில்லை, மனுசனுக்குக் கொடுக்கிறேன் என்று மைக்கில் சொன்ன அதே வாய், இறுக மூடியிருந்தது.

நான் சண்டைக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நாளில் என்னை ஏமாற்றியவர்களில் அவரையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன். வழியெல்லாம் திட்டினேன். "எனக்கு இந்த ஊரு வேணாம் மே" என்றார்.

அவர் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்கு முன்னாலேயே கதை போய்ச் சேர்ந்திருந்தது, கருவாட்டு மூட்டைக்காரர்கள் வழியாக. கடலோரத்தில் திருட்டை மன்னிப்பார்கள். தண்ணீரில் விஷம் வைத்தவனை மன்னிக்க மாட்டார்கள். அவரோடு ஒரே வலையில் கை வைக்க அவருடைய சொந்தப் பங்காளிகளே மறுத்தார்கள். தனியாகக் கட்டுமரத்தில் போனார், தனியாக வந்தார். பெரிய வலை இழுக்கும்போது கரையில் எல்லாரும் கயிற்றைப் பிடிப்பார்கள். அவர் போய்ப் பிடித்தால் பக்கத்தில் நிற்கிறவன் ஒரு அடி தள்ளி நிற்பான். நான் பார்த்திருக்கிறேன்.

அந்த ஏரியில் அதற்குப் பிறகும் இரண்டு முறை மீன் செத்தது. குத்தகைக்காரர் யாரும் இல்லாத வருஷங்கள். அப்போது யார் விஷம் வைத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து அண்ணன் வந்தான். தலை நரைத்திருந்தது. மகளுக்குக் கல்யாணம். தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, பத்திரிகை வைத்து நீட்டினான். நான் வாங்கவில்லை.

"கல்யாணத்துல மைக் உண்டா?" என்று கேட்டேன்.

"உண்டுமா. ஏன்?"

"அதுல நின்னு சொல்லு. என் மாப்ள விஷம் வெக்கல, தண்ணிய நான்தான் மாத்தி ஊத்தினேன்னு. அப்பறம் நான் வரேன்."

"பழசெல்லாம் இப்ப எதுக்குமா? சம்பந்தி வீட்டுக்காரங்க இன்னா நெனப்பாங்க?" பிறகு கோபம் வந்துவிட்டது அவனுக்கு. "நீ மட்டும் இன்னா? பத்து வயசுலேந்து நீயும்தான அந்தத் தண்ணிய ஏரிக்கு விட்ட?"

"ஆமா, விட்டேன். அத நான் சொல்றேன். மைக்குல நானே மொதல்ல சொல்றேன். நீ பக்கத்துல நின்னு உன்னுத சொல்லு."

அவன் எழுந்துகொண்டான். தட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போனான். என் வீட்டுக்காரர் பஸ் ஏற்றிவிட அவன் கூடவே நடந்து போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அவர் போனார். "பொண்ணு இன்னா பண்ணுச்சி" என்று சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு மொய்க் கவரோடு போனார்.

ராத்திரியே திரும்பி வந்துவிடுவார் என்று நினைத்தேன். மறுநாள் மத்தியானம்தான் வந்தார். சாப்பாடு எப்படி என்று கேட்டேன். நல்ல சாப்பாடு, வடை பாயசம் எல்லாம் இருந்தது என்றார். பந்தியில் அவருக்கு இரண்டு பக்கமும் இலை போட்டு, பரிமாறியும் வைத்துவிட்டார்களாம். கடைசிவரைக்கும் அந்த இரண்டு இலையிலும் யாரும் வந்து உட்காரவில்லையாம்.

"மூணு இலை சோறு எனக்கு ஒருத்தனுக்கு" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை.